சிவப்பு என்றால் ஏற்றம்

தேஜோன் நகரில், ஆய்வுக்கூடங்களுக்குப் பின்தெருவில்
பாங் சொன்-ஒக் சலவைக்கடை வைத்திருக்கிறாள்.
செவ்வாய்தோறும் பதினான்கு வெள்ளை அங்கிகள் வரும்,
தோரான் பயோவிலிருந்து.
ஜனவரியில் ஒரு செவ்வாய் நாற்பது வந்தன.
அடுத்த செவ்வாய் ஒன்றுமில்லை.
அங்கே யாரும் வீட்டுக்குப் போவதில்லையாம்.
கழற்றினால்தானே துவைக்க.

அவள் வேறொன்றும் விசாரிக்கவில்லை.
இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு
கைப்பேசியில் முந்நூறு பங்கு வாங்கினாள்,
நாலாயிரத்து இருநூறு வோன் வீதம்.
புதுக் கொதிகலனுக்கு எடுத்துவைத்த பணம்.

கொரியத் திரைகளில் சிவப்பு என்றால் ஏற்றம்,
நீலம் இறக்கம்.
செய்தி வாசிப்பவள் தாளைப் புரட்டி
இன்று எத்தனை பேர் என்கிறாள்;
கீழே ஓடும் பட்டியில் தோரான் சிவக்கிறது.
முப்பது விழுக்காடு.
ஒரு நாளில் அதற்குமேல் ஏறக்கூடாது, விதி.
நோய்க்கு யாரும் அப்படி வரம்பு வைக்கவில்லை.

நான்கு நாள் இப்படியே.
விரல் மடக்கி எண்ணும்போது
எந்தக் கணக்கை எண்ணுகிறோம் என்று
ஒரு கணம் அவளுக்கே குழம்பியது.

மார்ச்சில் கறுப்புக் கோட்டுகள் வரத் தொடங்கின.
சாவுக்கு உடுத்தியவை. காலரில் ஊதுபத்தி வாசம்.
ஒரு நாள் முழுக்க வெயிலில் தொங்கவிட்டு
பிறகே தொட்டாள்.
இரவு விலை பார்த்தாள்: முப்பத்தோராயிரம்.
ஏழு கொதிகலன் வாங்கலாம்.
விற்கவில்லை.
இன்னும் ஏறும் என்றார் எதிர்க்கடை மீன்காரர் குக்.
இன்னும் ஏறுவதென்றால்
இன்னும் என்னென்ன ஆகவேண்டும் என்று
அவரும் சொல்லவில்லை,
அவளும் கேட்கவில்லை.

மே மாதம் ஒரு காலை
புதிதாய்த் தொற்று நான்கே பேருக்கு.
பேருந்தில் யாரோ கைதட்டினார்கள்.
அவள் வயிற்றில் ஏதோ சரிந்தது.
திரை நீலம்.
மறுநாளும் நீலம். அதற்கு மறுநாளும்.
'நல்ல சேதி கேட்டால் பகீரென்கிறதே,
நான் என்ன பிறவி?'
இஸ்திரி மேசைதான் எதிரே இருந்தது,
அதனிடம் கேட்டாள்.

ஒன்பதாயிரத்துக்கு விற்றாள்.
கொதிகலன் வந்துவிட்டது, சத்தமே இல்லை,
ஓடுகிறதா என்று கைவைத்துத்தான் பார்க்கவேண்டும்.
செவ்வாய்தோறும் மறுபடி பதினான்கு அங்கிகள்.

கொக்கியில் ஒரு கறுப்புக் கோட்டு மட்டும் தங்கிவிட்டது.
சீட்டு எண் இருநூற்றுப் பதினொன்று.
கொடுத்தவர் எண்ணுக்கு அழைத்தால்
வேறு யாரோ எடுக்கிறார்கள்.
வாரம் ஒருமுறை உறையை நீக்கித் தூசு தட்டுகிறாள்.
கூலி பாக்கியில்லை.
முன்பணமாகவே கொடுத்துவிட்டுப் போயிருந்தார்.