துண்டு வாசிக்கிறவள்

ஆஸ்பத்திரி வீதியில் எங்கள் பாமசி.
டொக்டர்மாரின் கோழிக்கிறுக்கலைப்
பதினொரு வருசமாய் வாசிக்கிறேன்.
அதனால் மனிசரையும் வாசிப்பேன் என்று
எனக்கொரு எண்ணம்.

முழங்காவிலுக்குப் பஸ் காசு குறையுது என்பவர்
மூன்று வருசமாய் முழங்காவில் போய்ச் சேரவில்லை.
அவருக்கு இருபது ரூபா.
கதைக்கு இல்லை, விடாமுயற்சிக்கு.

ஒற்றைக்கால் மனிசி ஒருவ.
கால் போனது ஷெல்லில் என்று திங்களும்
பஸ்ஸில் என்று வியாழனும் சொல்லுவா.
"எது உண்மை அக்கா?" கேட்டேன்.
"நீர் எதுக்குக் கூடத் தருவீர்?" என்றா.

முதலாளி குகதாசன் சொல்லுவார்:
"காசைக் குடாதை பிள்ளை, மருந்தைக் குடு.
பொய்க்காரன் மருந்து குடிக்கமாட்டான்."

அப்படித்தான் மாசியில் வந்த ஆளுக்கும்.
சாரம். மேலே,
கச்சேரிக்குப் போகிற மாதிரி ஒரு வெள்ளைச் சேட்.
பொலித்தீன் உறைக்குள் கிளினிக் துண்டு:
வ. சதுர்ணியா, ஒன்பது வயசு, இருபத்தொரு கிலோ.
வலிப்புக்குப் பாணி மருந்து.
"உள்ளுக்கை ஸ்ரொக் இல்லையாம்,
வெளியிலை எடுக்கட்டாம்."

அந்தக் கிழமை உள்ளுக்கு இல்லைத்தான்.
ஆனால் திகதி கார்த்திகை.
மடிப்பு நாலாய்க் கிழிந்து ரேப் ஒட்டியிருந்தது.
எத்தனை கடையில் விரித்த துண்டு?

"ஒரு நேரத்துக்கு எத்தனை மில்லி குடுக்கிறனீங்கள்?"
"ஐஞ்சு."
துண்டில் ஏழரை.
என் வாயோரத்தில் ஒரு சின்னச் சிரிப்பு,
பிடித்துவிட்ட சிரிப்பு.
அவர் அதைக் கண்டார்.

அந்தச் சிரிப்பை அண்ணன் சொல்லி எனக்குத் தெரியும்.
சுவிஸில், மேசைக்கு அங்காலை இருந்தவர்
அப்படித்தான் சிரித்தவராம்,
தன்னைப் பிடித்தது செவ்வாயா புதனா என்று
அவன் தடுமாறினபோது.
நடந்ததைச் சொன்னவனுக்கு
நம்பமுடியாது என்று கடுதாசி வந்தது.
பிறகு முன்னூறு பிராங்குக்கு
ஆரோ ஒருத்தனின் கதையை வாங்கி,
திகதியெல்லாம் பாடமாக்கி,
பிரான்சில் போய்ச் சொன்னான்.
இப்ப விசா இருக்கிறது, இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள்,
வாங்கின கதையில் செத்துப்போன
எங்களுக்கு இல்லாத ஒரு தம்பியும் இருக்கிறான்.

ஏழரை, ஏழரை என்று இரண்டுதரம் சொல்லி
போத்தலைக் கொடுத்தேன்.
காசை என் சம்பளத்தில் எழுதினார் முதலாளி.

பன்னிரண்டாம் நாள் வந்தார்.
அதே சேட், தோய்க்கவில்லை.
போத்தலைக் கண்ணாடி மேசையில் வைத்தார்.
சீல் உடையவில்லை.
"திருப்பி எடுப்பியளோ பிள்ளை,
இனித் தேவையில்லை."

முதலாளி மூக்குக்கண்ணாடிக்கு மேலாலை
என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை,
சொன்னதுபோலத்தான்.

இனித் தேவையில்லை.
ஆஸ்பத்திரிக்கு ஸ்ரொக் வந்திருக்கலாம்.
டொக்டர் மருந்தை மாற்றியிருக்கலாம்.
சதுர்ணியா என்று ஒருத்தி
ஒருநாளும் இல்லாமல் இருந்திருக்கலாம்.
நாலாவதை நான் கேட்கவில்லை.
கேட்டால் அவர் சொல்லவேண்டி வரும்,
சொன்னால் நான்
அவர் முகத்தை வாசிக்கவேண்டி வரும்.

ஆயிரத்து நூற்று நாற்பது.
எண்ணி வைத்தேன்.
அவரும் ஒருக்கா எண்ணினார்.

உறையோடு துண்டு மேசையிலேயே கிடந்தது.
"ஐயா, துண்டு" என்றேன்.
திரும்பி வந்து எடுத்தார்.
ரேப் ஒட்டின மடிப்பு பிரியாமல்
மெல்ல, நாலாய் மடித்து
சேட் பையில் வைத்து
மேலாலை ஒருதரம் தடவினார்.

வாசற்படியில் நின்று
இரண்டு பக்கமும் பார்த்தார்.
இடப்பக்கம் அடுத்த பாமசி.
வலப்பக்கம் பஸ் நிலையம்.

அதற்குள் ஆரோ ஒரு துண்டை நீட்ட
நான் குனிந்து
வாசிக்கத் தொடங்கிவிட்டேன்.