ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர்

ஐந்தாம் நாள் முட்டையை விளக்கின் மேல் வைத்தால்
ஒரு கரும்புள்ளி. அது கண்.
சுற்றிலும் சிவப்பு நூல்கள். அது ரத்தம்.
நரம்பு தெரியாது.
பர்கூர் ரோட்டுக் குஞ்சு பொரிப்பகத்தில்
தட்டுக்கு நூற்றைம்பது முட்டை பார்க்கிறேன்,
ஒருநாளும் தெரிந்ததில்லை.

ஆனால் நேற்று முழுக்க
தண்டுவடத்திலிருந்து புறப்பட்ட ஒரு கூட்டம்
கால் முளைக்கிற இடத்தின் வாசலில்
நின்றிருக்கும். இன்று உள்ளே போயிருக்கும்.
பி.எஸ்சி. விலங்கியல், மூன்றாம் வருடம்,
பரீட்சைக்கு வராது என்று மேடம் தாண்டிய பக்கம்.
ஏன் நிற்கிறது என்று அதில் இல்லை.
ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு துளிக் கை,
விரல் நீட்டித் தடவி,
ஒவ்வாத இடத்தில் சுருங்கி,
ஒத்துவந்த பக்கம் ஊர்ந்து.
கை உருவாகும் முன்பே
கைக்குள் கைகள்.

தன்விகாவுக்குத் தோள் மாட்டிக்கொண்டது, பிறக்கும்போது.
இழுத்தார்கள்.
அவள் வந்தாள். வலது கை வரவில்லை.
கொடியில் போட்ட ஈரத்துணியாய்
பக்கத்தில் கிடந்தது.

கிருஷ்ணகிரி பெரியாஸ்பத்திரியில்
பிசியோதெரபி ரேஷ்மா மேடம் சொன்னார்:
'மேலுறை இருக்கு, உள்நூல்தான் போயிருக்கு.
திரும்ப வளரும்மா.
ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர்.'

டவுன்பஸ்ஸில் ரவிக்கை டேப்பை எடுத்து அளந்தேன்.
கழுத்திலிருந்து முழங்கை, பன்னிரண்டு சென்டிமீட்டர்.
நூற்றிருபது நாள்.
மாங்கூழ் கம்பெனிகள் மூடி, ஆடி கழிந்து,
ஆவணியில் ஒரு தேதியை
முனிராஜ் காலண்டரில் சுழித்தார்.

ஆடியில் மறுபடி அளந்தேன்.
பதினான்கு.

நடக்க நடக்கச் சாலையும் நீண்டிருக்கிறது.
நான் ஊட்டிய பால்தான்
அந்த இரண்டு சென்டிமீட்டரும்.
முனிராஜிடம் சொல்லவில்லை.

முதல் தடவை இவ்வளவு தூரமில்லை.
கை அப்போது ஒரு மிளகளவு கூட இல்லை.
வாசலுக்கும் கடைசி அறைக்கும் நடுவே மயிரிழை.
நரம்பு போய் உட்கார்ந்த பிறகுதான்
எலும்பு நீண்டது,
நரம்பையும் கூடவே இழுத்துக்கொண்டு.
இப்போது அதே வழியை
நீண்டபின், கால்நடையாய்,
காலியான பழைய உறையைத் தடவிக்கொண்டு
முதலிலிருந்து.

பாதி செத்துப்போகும் என்றும் அந்தப் பக்கத்தில் இருந்தது,
கருவுக்குள், இடம் கிடைக்காதவை.
அது முதல் தடவைக்கு.
இரண்டாம் தடவைக்கு எவ்வளவு என்று
ரேஷ்மா மேடம் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.

நேற்று ராத்திரி பால் குடிக்கையில்
முழங்கை மடிப்பில் ஏதோ துள்ளியது.
அதே நொடியில் ஜன்னல் கண்ணாடி அதிர
கிரானைட் லாரி ஒன்று ஓசூர் பக்கம் போனது.
எங்கள் வீடு ஹைவேயை ஒட்டி.
எதனால் என்று தெரியவில்லை.

மணி மூன்று.
அவள் தூங்குகிறாள்.
மடிப்பில் என் ஒரு விரலை வைத்துக்கொண்டு
இரண்டு லாரிகளுக்கு நடுவே
கொஞ்சம் நீளமான ஒரு இடைவெளிக்காக
விழித்திருக்கிறேன்.