இரண்டாம் சிலிண்டர்

மஞ்சளும் இல்லை, ஆரஞ்சும் இல்லை,
வெந்த பூசணிக்காய் நிறத்தில்
ஒரு குட்டி என்ஜின் படம்
ஸ்டீயரிங்குக்குப் பின்னால் ஒன்பது நாளாக எரிகிறது.
"பெட்ரோல் மூடியைச் சரியாத் திருகியிருக்க மாட்டே"
என்றான் லோர்ன்.
திருகினேன். மூன்று முறை 'கிளிக்' கேட்டது எனக்கு.
விளக்குக்குக் கேட்கவில்லை.

மெக்கானிக் திறந்து பார்ப்பதற்கே நூற்றெழுபது டாலர்.
தண்டர் பே நூலகத்தில்,
பனிக் காலணியும் தூண்டிலும் இரவல் தரும் அலமாரியில்,
பிழை படிக்கும் கருவி ஒன்று இருந்தது.
மூன்று வாரத்தில் திருப்ப வேண்டும்,
நாவலைப் போல.

ஞாயிறு. அவன் தூங்குகிறான்.
கராஜுக்குள் மைனஸ் பதினெட்டு.
பெடலுக்கு மேலே, முழங்கால் இடிக்கிற இடத்தில்
பதினாறு ஓட்டையோடு ஒரு வாய்.
மல்லாந்து படுத்து, டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
சொருகினேன்.
கருவி கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னது:
பி பூஜ்யம் மூன்று பூஜ்யம் இரண்டு.

இரண்டாம் சிலிண்டர் பற்றவில்லை.
சோபா தூக்குகிற நாலு பேரில் ஒருவன்
கையை மட்டும் வைத்துக்கொண்டு கூடவே நடக்கிறான்.

காயிலா, பிளக்கா?
இரண்டில் இருந்த காயிலைப் பிடுங்கி மூன்றில் வைத்தேன்,
மூன்றினுடையதை இரண்டில்.
குடித்தனக்காரன் வீடு மாறினால்
சண்டையும் கூடவே மாறுகிறதா என்று பார்ப்பதுதான்
மொத்த வித்தையும்.
கராஜ் கதவைத் தூக்கிவிட்டு ஸ்டார்ட் செய்தேன்.
உதறியது. விளக்கு கண் சிமிட்டியது.
இப்போது மூன்றாம் சிலிண்டர்.
ஆக, காயில்தான்.
யாருமில்லாத கராஜில் "ஹா!" என்று கத்தினேன்.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம்.
கையுறையோடு அழுத்தியதில் தப்பான பொத்தான்.
விளக்கு முதன்முதலாக எரிந்த அந்தக் கணத்தை
வண்டி ஒரு படம்போல எடுத்து வைத்திருக்கிறது:
வேகம், பூஜ்யம்.
சுற்று, அறுநூற்று நாற்பது.
என்ஜின் ஓடத் தொடங்கி,
ஆறாயிரத்து எண்ணூற்று நாற்பது வினாடி.

இரவல் சீட்டின் பின்னால் பென்சிலால் வகுத்தேன்.
நூற்றுப் பதினான்கு நிமிடம்.
மறுபடி வகுத்தேன்.

ஆலைக்குப் பதினெட்டு நிமிடம்.
போய்ச் சேர்ந்ததும் சாவியைச் சட்டைப்பையில் போடுகிறவன்.
நான் ஓட்டுவது சனிக்கிழமை மட்டும்,
மளிகைக்குப் போய்த் திரும்ப.

கதவின் பையில் துழாவினால்
சூரியகாந்தி விதைத் தோல், ஒரு காபிக் கோப்பை நிறைய.
எந்த இடம், ஏரிக்கரையா, கடை வாசலா,
யார் பக்கத்தில், எத்தனை நாளாக,
எதுவும் கருவிக்குத் தெரியாது.
நின்ற இடத்தில் நின்று உதறியது
என்பது மட்டும் தெரியும்.
ஹீட்டர் ஓடியிருக்கும்.
நான் கட்டிக்கொடுத்த சாப்பாட்டுப் பெட்டி
பக்கத்து சீட்டில் இருந்திருக்கும்.
தினமும் காலியாகத்தானே வருகிறது அது.

உதறிக்கொண்டே ஓட்டிப்போய்
அறுபத்துநாலு டாலருக்குப் புதுக் காயில் வாங்கிவந்தேன்.
ஒரே ஒரு போல்ட், பத்தாம் நம்பர் சாவி.
மூன்றிலும் இரண்டிலும் உட்கார வேண்டியவை உட்கார்ந்தன.
வண்டி வெண்ணெய்போல ஓடியது.

அழிக்கவா? என்றது கருவி.
ஆம். இல்லை.
ஆம் என்றால் எண் போகும், விளக்கு போகும்,
அந்த நூற்றுப் பதினான்கு நிமிடமும் போகும்.
கட்டைவிரல் விறைத்திருந்தது,
குளிரில்தான்.
அழுத்தினேன்.

ராத்திரி சாப்பிடும்போது சொன்னேன்,
"விளக்கு அணைஞ்சிடுச்சு. ரெண்டாம் சிலிண்டர்.
இனிமே நிறுத்தி வெச்சே எவ்வளவு நேரம் ஓடினாலும்
உதறாது."

உருளைக்கிழங்குக்கு உப்புப் போட்டுக்கொண்டிருந்தவன்
போட்டுக்கொண்டே இருந்தான்.