வரவில்லை

இரண்டு முழங்கால்கள்.
உள்ளே போனது ஒரே கம்பெனி உலோகம்.
காலையில் அரசு ஆஸ்பத்திரி, மாலையில் தனியார் என்று
தைத்ததும் ஒரே கை.
ஆறாவது வாரம் பதிவேட்டைப் பார்க்கிறேன்:
ராயக்கோட்டை ரோடு ஞானசிகாமணி சாருக்கு
நூற்றுப் பதினெட்டு டிகிரி.
அஞ்செட்டிக்கு மேலே, கொட்டாயில் இருக்கும்
கெம்பம்மாவின் கட்டத்தில் ஒரு கோடு.

சார் வீட்டுக்குத் தினமும் போகிறேன்.
ஸ்கூட்டியை நிறுத்தும்போதே ஐஸ் பை தயாராக இருக்கும்.
கட்டிலோரம் கைப்பிடி,
கழிவறையில் உயரமான பீங்கான்.
வலிக்குதும்மா என்பார்.
வலிக்கட்டும் சார், இன்னும் ஐந்து என்பேன்.
ஐந்நூறு ரூபாய். சில நாள் முறுக்கும்.
அவர் மேல் எனக்குக் குறையில்லை;
அந்தக் கால் மடங்குவதில் பெருமைகூட உண்டு.

கெம்பம்மாவுக்கு டிஸ்சார்ஜ் அன்று ஒரு தாள் கொடுத்தேன்.
ஒன்பது படம். எல்லாவற்றிலும் ஒரு வெள்ளைக்காரர்,
காலில் ஷூ, கீழே மெத்தை.
'வாரம் மூன்று நாள் வரவும்' என்று
சிவப்பில் அடிக்கோடிட்டேன்.
தாளை நாலாக மடித்து இடுப்பில் செருகினார்.
அன்றைக்கு அவரால் மடிக்க முடிந்தது அது ஒன்றுதான்.

முதல் வாரம் வரவில்லை.
மூன்றாம் வாரமும்.
நான்காம் வாரம், நல்ல கையெழுத்தில்,
'ஒத்துழைப்பு இல்லை' என்று எழுதினேன்.

பிறகு போன் வந்தது.
"காலு கட்டையாப் போச்சும்மா.
இத எடுத்துட்டு
பழைய முட்டியவே திரும்ப வெச்சுக் குடுப்பாங்களா?"

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினேன்.
தேன்கனிக்கோட்டையில் ஒன்றரை மணி நேரம் நின்று
அடுத்த பஸ்.
பையில் கோணமானியோடு இன்ச் டேப்பும் இருந்தது.
முதல் படி, தரையிலிருந்து பதினேழு அங்குலம்.
நல்ல காலை முதலில் வையுங்கள் என்று
எல்லோருக்கும் சொல்லிக்கொடுப்பவள் நான்.
அவருடைய நல்ல காலும் தேய்ந்த கால்.
இந்தப் படி ஏறக் கால் மடங்க வேண்டும்.
கால் மடங்க இந்தப் படி ஏறி என்னிடம் வர வேண்டும்.
மலை வளைவு ஒவ்வொன்றிலும்
இதைத் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்தேன்.

கெம்பம்மா புளி தட்டிக்கொண்டிருந்தார்.
சம்மணம் முடியாது, குத்துக்கால் கூடாது;
ஒரு காலை நீட்டி, ஒருக்களித்துச் சாய்ந்து
கொட்டை எடுக்கும் கூலி.
"ஆஸ்பத்திரிக்கு வந்தா எனக்கு ஒரு நாள் கூலி போவுது,
கூட வர்ற மவனுக்கு ஒண்ணு.
மூணு நாளுன்னா ஆறு.
ஆனை எறங்கறதுக்குள்ள வூடும் சேரணும்."
குறையாகச் சொல்லவில்லை, கணக்காகச் சொன்னார்.

அளந்தேன்.
அறுபத்திரண்டு.

பிளாஸ்டிக் நாற்காலியின் நடுவில்
வட்டமாக அறுத்து வைத்திருந்தான் மகன்,
மறைவுக்குச் சாக்குப் படுதா.
என் தாளில் இல்லாத பத்தாவது படம்.

கயிற்றுக் கட்டிலின் ஓரத்தில் உட்கார வைத்தேன்.
ஒன்றரைக் கிலோ கேழ்வரகைத் துணியில் முடிந்து
கணுக்காலில் கட்டினேன்.
தரையில் கரித்துண்டால் ஒரு கோடு;
குதிகால் அதைத் தாண்டிப் பின்னால் போக வேண்டும்.
பல்லைக் கடித்தார்.
மருமகள் புட்டம்மா பக்கத்தில் நின்று
கன்னடத்தில் எண்ணினாள்: ஒந்து, எரடு, மூரு...
பத்துக்கு மேல் போனதும் என்னைப் பார்த்தாள்.
இன்னும் ஐந்து என்றேன்.
கிளம்பும்போது சொன்னாள்,
கீழ்க்கொட்டாயில் இன்னும் ரெண்டு முட்டி இருக்குதுங்க,
ஒரு இடுப்பும்.

திங்கட்கிழமை பழைய வரியை அடித்தேன்.
மனு எழுதினேன்:
மாதம் இரண்டு வியாழன்,
அஞ்செட்டி ஆரம்ப சுகாதார நிலையத்தில்
ஒரு அறை, ஒரு கட்டில்.
வண்டி இல்லையேம்மா என்றார் அதிகாரி.
பஸ் இருக்கு சார், என் முழங்கால் மடங்கும் என்றேன்.

அது பங்குனியில்.
பதில் வரவில்லை.
போன வியாழன் லீவு போட்டுவிட்டுப் போனேன்.
கரிக்கோடு இரண்டு விரற்கடை பின்னால் நகர்ந்திருந்தது.
எழுபத்தொன்பது.