இடது பாதம்

புதன்கிழமை நொண்டுகிறாள்.
கிழமையில்லை, கோழி.
வாங்கிவந்த நாளையே பெயராக வைத்துவிட்டான் மெர்வின்,
யோசிக்கச் சோம்பல்.
மற்றவர்கள் கடுகு, மேயர், இரண்டாவது மேயர்.
முதல் மேயரைப் போன ஆகஸ்டில்
புள்ளிபோட்ட குவோல் ஒன்று இழுத்துப் போயிற்று.
இப்போதிருக்கும் மேயர் மூன்றாவது, கணக்குப் பார்த்தால்.
யாரும் பார்ப்பதில்லை.

ஹூவான் ஆற்றின்மேல் ஜூலை மூடுபனி
மணி பதினொன்றாகியும் எழுந்திருக்கவில்லை.
சமையலறை மேசையில் பழைய துண்டை விரித்து
மல்லாத்திப் படுக்கவைத்தான் அவளை.
அழுக்குக் கூடையிலிருந்து காலுறை ஒன்றை எடுத்து
கண்மேல் போட்டான்.
இருட்டென்று நம்பி அடங்கிப்போனாள்.
"விளக்கைப் பிடி."
பிடித்தேன்.

அதற்கு முன்பு இருபது நிமிடம்
எப்சம் உப்புப் போட்ட வெந்நீரில் காலை ஊறவிட்டிருந்தான்.
முழங்கையை விட்டுச் சூடு பார்த்தான்.
எங்கள் பிள்ளைகள் மூவருக்கும்
முழங்கை விட்டவள் நான்.

உள்ளங்காலில் கறுத்த பொருக்கு, மிளகளவு.
அதன் ஓரத்தை நகத்தால் நெம்பினான்,
தபால்தலை உரிக்கிறவன் மாதிரி, மூச்சைப் பிடித்து.
அடியில் காய்ந்த பாலாடைக்கட்டித் துணுக்காக
சீழ் இறுகிக் கிடந்தது.
இடுக்கியில் எடுத்துத் தட்டோரம் வைத்தான்.
மதியச் சாப்பாட்டுத் தட்டு அது. நான் ஒன்றும் சொல்லவில்லை.

எல்லாவற்றுக்கும் நோட்டு உண்டு,
ஆப்பிள் கிடங்கில் கொடுத்த பச்சை நோட்டு.
கடுகு: வலது கண்ணில் நுரை. தனிக்கூண்டு, மூன்று நாள்.
மேயர்: கால் செதில் தூக்கியிருக்கிறது. வாசலின்.
இரண்டாவது மேயர்: தோல்முட்டை.
மறுபடியும் தோல்முட்டை. சிப்பித்தூள் கூட்டவும்.
நடுராத்திரி டார்ச்சோடு போய்
கோழிகள் உட்காரும் கட்டையின் அடியை வெள்ளைத் தாளால் வழிப்பான்.
தாளில் சிவப்புக் கோடு விழுந்தால் பேன்.
அன்றைக்குத் தூக்கம் கிடையாது, எனக்கும்.

கை வலித்து விளக்கு கொஞ்சம் நழுவியது.
வெளிச்சம் காலுறைமேல் விழுந்தது.
கட்டைவிரலுக்குக் கீழே
தேநீர் நிறத்தில் ஒரு வட்டம்.
தேநீர் இல்லை.

"எத்தனை நாளாக இது?"
"ஞாயிற்றுக்கிழமை கவனித்தேன். பதினாலாம் தேதி.
சாயங்காலத் தீனி நேரம்."
"அவளைக் கேட்கவில்லை."

நீலக் கட்டுத்துணியைச் சுற்றிக்கொண்டே இருந்தான்,
விரலிடுக்கில் ஒரு சுற்று, கணுக்காலில் இரண்டு,
தேவைக்கு மேலே இன்னும் ஒன்று.
ஃப்ரிட்ஜில் மீன் காந்தத்துக்கு அடியில்
மருத்துவமனைக் கடிதங்கள் மூன்று.
சர்க்கரை, பாதப் பரிசோதனை, தயவுசெய்து அழைக்கவும்.
மூன்றாவதில் தயவுசெய்து இல்லை.

"வலிக்கவே இல்லையே" என்றான்.
அதைத்தானே முதல் கடிதத்தில் எழுதியிருந்தார்கள்.

பூட்ஸைக் கழற்ற நேரமாயிற்று.
வாடை முதலில் வந்தது.
பிறகு பார்த்தேன், இருபது சென்ட் காசளவு.
விளக்கை அணைத்துவிட்டு
கார்ச் சாவியைத் தேடினேன்.
இடுக்கியை அவன் கையிலிருந்து
பிடுங்க வேண்டியிருந்தது.

புதன்கிழமையை விட்டுப்போக முடியாது.
கட்டைக் கண்டால் மற்றவை கொத்தும்.
ஆப்பிள் பெட்டியில் வைக்கோல் போட்டு
பின்சீட்டில் ஏற்றினோம்.
சாலை நெடுக அவன்
அவள் மூச்சைக் கேட்டுக்கொண்டு வந்தான்.
நான் அவனுடையதை.

நர்ஸ் பிரான்வென் கையுறை மாட்டிக்கொண்டே கேட்டாள்,
எப்போதிலிருந்து?
மெர்வின் என்னைப் பார்த்தான்.
பச்சை நோட்டைப் பிரித்து நீட்டினேன்.
சிக்னலில் நின்றபோது எழுதியது, கோணல் எழுத்து.

மெர்வின்: இடது பாதம். தேதி தெரியாது.

படித்தாள். அதற்கு மேலிருந்த வரிகளையும் படித்தாள்.
"சிப்பித்தூள் யாருக்கு?"

சிரிப்பை அடக்கப் பார்த்தான், தோற்றான்.
கால் அவள் மடியில் இருந்தது, ஆடக்கூடாது என்றாள்.
சன்னல் வழியே கார் தெரிந்தது.
பின்சீட்டில் பெட்டி குலுங்கியது.
நீலக் கட்டை
அவிழ்க்க ஆரம்பித்திருந்தாள்.