முதல் நாள் நீலம்

ஆபீசர்ஸ் லைன் கடையில்
மஞ்சள் டப்பா ஒன்று, பச்சை டப்பா ஒன்று
கண்ணாடிமேல் வைத்து
"எதுங்க மேடம்?" என்றார் கபூர் பாய்.
ஸ்லைடு ஃபிலிம். பிரிண்டில் திருத்த வழியில்லை.
அரை ஸ்டாப் தப்பினால் தப்பினதுதான்.

மஞ்சளில் எடுத்தால் கோட்டைச் சுவர்
கொய்யாப்பழ உள்பக்கம் மாதிரி சிவக்கும்.
பச்சையில் அகழித் தண்ணீருக்கு
இல்லாத சுத்தம் வரும்.
எனக்குக் கோட்டை வேண்டாம்.
சரும வார்டு, பதினேழாம் படுக்கை,
சம்பங்கி.
ராணிப்பேட்டை தோல் ஷாப்பில் பதினோரு வருஷம்.

டப்பாக்களின் பெயர் இரண்டும்
குரோம் என்றுதான் முடிகின்றன.
அவர் விரல்களைத் தின்றதும் அதுவே.

நீலத் துணிமேல் கையை வைக்கச் சொல்லி
இரண்டிலும் எடுத்தேன்.
ஒன்றில் புண் குங்குமம்.
மற்றதில் ஈரமண்.
"ரெண்டும் நல்லாத்தான் இருக்கு"
டாக்டர் ரவுண்ட்ஸ் போய்விட்டார்.

"நான் பாக்கலாமா?"
ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து
ஒரு கண்ணை மூடினார் சம்பங்கி.
கையைப் பார்க்கவே இல்லை.
துணியைப் பார்த்தார்.

"இது டிரம்முலேர்ந்து எடுத்த அன்னிக்கி
தோலு இருக்கிற நீலம்.
அது மூணாம் நாளு. காஞ்சது.
உங்க துணி எந்த நாளு?"

பெட்டியிலிருந்து துணியை எடுத்து வந்து
பக்கத்தில் வைத்தேன்.
முதல் நாள்தான்.

பச்சை டப்பா, பன்னிரண்டு ரோல்.
இன்டென்ட்டில்
'நிறம் சரிபார்த்தவர்' என்ற இடத்தில்
அவர் பெயரை எழுதினேன்.
அக்கவுண்ட்ஸில் திருப்பி அனுப்பினார்கள்:
பதவி குறிப்பிடவில்லை.