நடவடிக்கைக் குறிப்பு, மூன்றாம் அமர்வு

பிஷ்கெக். மார்ச்.
ஜன்னலுக்கு வெளியே பனி
மழையாகிவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது.
துணைக்குழுவின் பெயர் ஒரு வரியில் அடங்காமல்
பலகையில் 'பாதுகாப்பு' இரண்டாக உடைந்திருந்தது.
நான் குறிப்பெழுதுபவள்.
பேசியதை எழுதுவேன்.
பேசாததற்குப் படிவத்தில் கட்டம் கிடையாது.

முதலில் வரைபடம் காட்டினார்கள்.
சுகாதாரம் நீலம், கால்நடை பச்சை, ராணுவம் சாம்பல்,
நடுவில் ஒரு வெள்ளைப் பெட்டி:
ஒருங்கிணைப்பு.
எல்லா அம்புகளும் அதற்குள் போயின.
ஒன்றுகூட வெளியே வரவில்லை.

கிருமிச் சேமிப்பறைக்கு மூன்று பூட்டு என்றார் கர்னல் சகின்பாய்.
துறைக்கு ஒரு சாவி,
மூன்றும் சேர்ந்தால்தான் கதவு திறக்கும்.
தலைகள் ஆடின.
'தலைகள் ஆடின' என்று எழுதி, அடித்தேன்.

பிறகு நாரினிலிருந்து வந்தவள் எழுந்தாள்.
பூருல்சா,
கொள்ளைநோய்த் தடுப்பு நிலையத்தில் பதினேழு வருட உதவியாளர்.
கணவாய் அடைபட்டு நிலக்கரி லாரியில் வந்திருந்தாள்;
கோட்டின் ஒரு தோள் மட்டும் கறுப்பு.

"ஜனவரி பதினொன்று, இரவு இரண்டு மணி.
வெளியே மைனஸ் முப்பது.
உறைபெட்டி சூடாகிக்கொண்டிருந்தது."

யாரோ சிரித்தார்.

"பெட்டிக்கு எழுபது வேண்டும், ஐயா.
முப்பது அதற்குக் கோடைக்காலம்.
ஜெனரேட்டருக்கு டீசல் கேட்டு நவம்பரிலேயே எழுதினேன்.
டீசல் வாகனத் தலைப்பில் வருமாம்,
உறைபெட்டிக்குச் சக்கரம் இல்லையாம்.
தாள் திரும்பி வந்தது.
அன்றிரவு மூன்று துறைக்கும் போன் செய்தேன்.
ஒன்றில் மணி அடித்துக்கொண்டே இருந்தது.
ஒன்றில் இசை போட்டார்கள்.
ஒன்றில் ஒரு குழந்தை எடுத்து
அப்பா தூங்குகிறார் என்றது.
விவரமாகப் பேசியது அந்தக் குழந்தை மட்டும்தான்."

கணவனின் டிராக்டரிலிருந்து
குழாய் வைத்து உறிஞ்சி எடுத்தாளாம், நாற்பது லிட்டர்.
இரண்டு நாள் ரொட்டியிலும் அதே ருசி.

கர்னல் கேட்டார்:
"அனுமதி பெறாத எரிபொருளா?"

இதை எழுத்து பிசகாமல் எழுதியிருக்கிறேன்.

எலிவளையானாலும் தனிவளை வேண்டும் துறைகளுக்கு.
அந்த மலைச்சரிவின் மர்மோட் வளைக்கோ
பதினோரு வாசல்.
எந்த வாசல் கால்நடை, எந்த வாசல் சுகாதாரம் என்று
தெள்ளுப்பூச்சிக்கு
சுற்றறிக்கை போயிருக்கவில்லை.
ஒரு மேய்ப்பன் தோலுரிப்பான்,
அவன் மகள் பள்ளிப் பேருந்தில் ஏறுவாள்,
பேருந்து போக்குவரத்துத் துறை.
வரைபடத்தில் அதற்கு நிறமே இல்லை.

தலைவர் எமில்தான் ஒஸ்மோனோவா
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டிக்கொள்ளவில்லை.
"அடுத்த முறை இரண்டு மணிக்கு
யார் எடுப்பீர்கள்?"

கண்காணிப்பு என்ற சொல்லில் கண் இருக்கிறது.
காது இல்லை.

சூடேற்றி ஒருமுறை சொடுக்கியது.
நீலம் பச்சையைப் பார்த்தது,
பச்சை தன் கோப்பைப் பார்த்தது,
சாம்பல் கடிகாரத்தை.
பத்தொன்பது விநாடி. எண்ணினேன்.
'குழு இதைக் கவனத்தில் கொண்டது' என்று எழுதினேன்;
வேறு சொல் எனக்குக் கற்றுத்தரப்படவில்லை.

தீர்மானம்:
தொலைபேசி எண் குறித்து ஆராய ஒரு பணிக்குழு.
டீசல் அடுத்த அமர்வுக்கு.

மாடிப்படியில் பூருல்சா என் பேனாவைக் கேட்டாள்.
"உங்கள் போன் ராத்திரியில் ஒலிக்குமா?"
நான் யார், எனக்கு என்ன அதிகாரம்
என்றெல்லாம் சொல்ல வாயெடுத்தேன்.
அவள் உள்ளங்கையை நீட்டியபடியே நின்றாள்.
எண்ணை எழுதினேன்.
அது குறிப்பில் இல்லை.

ஏப்ரலில் ஒருமுறை அடித்தது, மூன்றரைக்கு.
தவறான அழைப்பு; யாரோ ஆட்டுத்தீவனம் விலை கேட்டார்.
தெரியாது என்றேன்.
பிறகு விளக்கைப் போட்டு உட்கார்ந்து
நாரினில் மின்சாரம் இருக்கிறதா என்று
யாரைக் கேட்கலாம் என
விடியும்வரை பெயர்களைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.